வெப்பம்: நாற்பத்தாறு

பிரவின்குமார் எழுதிய கருவிக்குப் பெயர் 'சட்டு'. பெயர் வைத்தது ரெஜினா.

கணினியின் கறுப்புத் திரையில் அந்தப் பெயரைத் தட்டி என்டர் கொடுத்தால் ஐந்து வரிகள் வரும். இயந்திரத்தின் பெயர், எவ்வளவு நேரமாக ஓடுகிறது, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்கில் எவ்வளவு இடம், உள்ளே எவ்வளவு சூடு. அவ்வளவுதான். இதே வேலையைச் செய்யும் கருவிகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அவையெல்லாம் கல்யாண மண்டப வாசல் மாதிரி படமும் வண்ணமும் தோரணமும் கட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். சட்டுவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். என்டர் பொத்தானிலிருந்து விரல் எழும்பும்போதே ஐந்து வரியும் திரையில் நிற்கும்.

பிரவினும் ரெஜினாவும் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்தார்கள். பிரவினுடைய அப்பா கோவில்பட்டியிலிருந்து கல்பாக்கத்துக்கு வேலைக்கு வந்து டவுன்ஷிப்பிலேயே தங்கிவிட்டவர். ரெஜினாவின் வீடு பக்கத்திலேயே, புதுப்பட்டினத்தில். காலையில் ஒரே கம்பெனி பஸ். திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டிப் போய்ச் சேரும்வரை பக்கத்துப் பக்கத்து சீட். மடியில் லேப்டாப். சட்டு பிறந்து வளர்ந்தது அந்த சீட்டில்தான்.

அவர்களுக்குள் ஒரு விதி இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் வரி வரியாகப் படித்து, 'பார்த்தேன், சரி' என்று தன் பெயரைப் போட்ட பிறகுதான் அது இணையத்துக்குப் போகும். கம்பெனியில்கூட அந்த ஒழுங்கு கிடையாது. இவர்கள் வைத்திருந்தார்கள்.

ஐந்தாவது வரி, அதாவது சூட்டின் வரி, ரெஜினா எழுதியது. தன் அண்ணனுக்காக.

அண்ணன் ஜெபசிங் மாமல்லபுரத்தில், ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு சிற்பக்கூடத்தில் வேலை செய்தான். அங்கே உளி பிடிக்கிற குடும்பங்கள் வேறு. ஜெபசிங்கின் அப்பா ஊரார் வயலில் அறுப்பு அறுத்தவர். இவன் பாரம் தூக்கப் போனவன். கூடத்தின் சொந்தக்காரர் திருநாவுக்கரசு ஸ்தபதி கல் செதுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கி இறக்கியபோது, உள்ளே இருந்தவர்கள் யாரும் அதன் பக்கம் போகவில்லை. மாட்ட வந்த ஆட்களுக்குக் கூடமாட ஒத்தாசை செய்த ஜெபசிங் கற்றுக்கொண்டான். இயந்திரத்தின் முன்னால் இருந்த நாற்காலி அவனுக்கு வந்தது.

சும்மா வரவில்லை. "மெஷினால ஒரு கல்லு கெட்டாலும் நீ நாற்காலிய விட்டு இறங்கிடணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லித்தான் ஸ்தபதி உட்கார வைத்தார். ஸ்தபதியின் அக்கா மகன் விஷால் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். கல் தூள் அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறும். ரொம்ப ஏறினால் அது தானாக அணைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலும் ஜெபசிங் 'சட்டு' என்று தட்டி ஐந்தாவது வரியைப் பார்ப்பான். எழுபதைத் தொட்டால் நிறுத்திவிட்டு, காற்றடித்துத் தூளை வெளியேற்றிய பிறகுதான் மறுபடி ஓட்டுவான். புதுப் பதிப்பு வந்தால் அந்தக் கம்ப்யூட்டர் ராத்திரியோடு தானாக ஏற்றிக்கொண்டு அணையும்படி பிரவின்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். அன்றைக்கு அவனுக்கு ஜெபசிங் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போலந்துக்காரன் வரும்வரை.

இப்படிப்பட்ட கருவிகளை ஓடவிட்டு நேரம் அளந்து வரிசைப்படுத்துகிற இணையப் பக்கம் ஒன்று உண்டு. சட்டு அதில் முதலிடத்தில் இருந்தது. போலந்திலிருந்து ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்து போட்டான். சட்டு இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. பிரவினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தச் சூடு வரியை எடுத்துரலாம் ரெஜி" என்றான் பஸ்ஸில். "மத்த நாலும் சேர்ந்து எடுத்துக்கிற நேரத்தைவிட அது ஒண்ணு எடுத்துக்கிறது பல மடங்கு."

உண்மைதான். மற்ற நாலு விவரங்களையும் கணினி கையிலேயே வைத்திருக்கும், கேட்டவுடன் நீட்டும். சூட்டை மட்டும் ஒரு மூலையில் இருக்கும் சென்சாரிடம் போய்க் கேட்க வேண்டும். அது நிதானமாகத்தான் பதில் சொல்லும்.

"எடுத்துட்டு?"

"போலந்துக்காரனை முந்திரலாம்."

"முந்தி? மிச்சமான நேரத்துல இன்னா பண்ணப் போற, தாடி வளக்கப் போறியா?"

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரவினுக்கு முகம் சுருங்கியது.

"நான் சீரியஸா பேசிக்கிட்டிருக்கேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன். மத்த நாலு வரியும் சும்மா பந்தாவுக்கு. இந்த ஒரு வரிலதான் எங்க அண்ணன் பொழப்பு ஓடிகினு கீது. அதுல கை வச்சே, ஓடுற பஸ்ஸுலேர்ந்து தள்ளிவுட்ருவேன், ஆமா."

பேச்சு அதோடு முடிந்தது. பிரவினின் மனதில் முடியவில்லை.

அடுத்த வாரம் ரெஜினா இரண்டு நாள் லீவு போட்டாள். அம்மாவை அச்சிறுப்பாக்கம் மலைமாதா கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். அந்தப் புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் கேன்டீனுக்குப் போன நேரத்தில், பிரவின் அந்த இணையப் பக்கத்தைத் திறந்தான். போலந்துக்காரன் இன்னும் கொஞ்சம் வேகமாக்கி, தூரத்தைக் கூட்டியிருந்தான்.

பிரவினுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. சூட்டு வரியை எடுக்க வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். கணினியை ஆன் செய்ததும் ஒரே ஒரு தடவை சென்சாரிடம் கேட்டு, பதிலை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்வது. அதற்குப் பிறகு யார் எத்தனை தடவை கேட்டாலும் எழுதி வைத்ததையே எடுத்துக் காட்டுவது. வரியும் இருக்கும், வேகமும் இருக்கும்.

தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தான். நாற்பத்தொன்று. பழைய முறையில் சென்சாரைக் கேட்டான். அதே நாற்பத்தொன்று. ஏ.சி. அறையில், மேஜைமேல், சும்மா உட்கார்ந்திருக்கும் லேப்டாப். அதற்கு ஏன் சூடு ஏறப் போகிறது? அந்தக் கேள்வி அவனுக்கு வரவில்லை. எண் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

பார்த்தவர் பெயர் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் காட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெளியே அனுப்பினான்.

சாயங்காலத்துக்குள் சட்டு முதலிடத்துக்கு வந்துவிட்டது. முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதினார்கள். வெளிநாட்டில் ஒருவர், அவர் எழுதினால் உலகமே படிக்கும், ஞாயிற்றுக்கிழமை சட்டுவைப் பற்றி ஒரு கட்டுரை போடப் போவதாகச் செய்தி அனுப்பினார். போலந்துக்காரனே வந்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டான். பிரவின் அன்றைக்கு மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை ரெஜினா பஸ்ஸில் ஏறினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா நைனா, ரெண்டு நாளு நா இல்லாம ஜாலியா இருந்தியா?"

"போரடிச்சுது" என்றான். லேப்டாப்பைத் திறக்கலாமா என்று பையில் கை வைத்தான்.

"ஒரு விசயம் கேளு. அண்ணன் அந்தக் கம்ப்யூட்டருக்கு புச்சா பெரிய ஃபேன் ஒண்ணு வாங்கி மாட்டிச்சா? நேத்து நாளு பூரா நாப்பத்தி நாலுதானாம். காத்தால பாத்தா நாப்பத்தி நாலு, மத்தியானம் வெயில்ல பாத்தா நாப்பத்தி நாலு. ஏறவே மாட்டேங்குதாம். வூட்ல ஒரே பீத்தல். ஃபேன் வாங்குன கடைய அம்மாகிட்ட நாலு தபா சொல்லிச்சு."

பையில் இருந்த பிரவினின் கை அப்படியே நின்றது.

ஃபேன் இல்லை காரணம். அது அவன் எழுதி வைத்த எண். காலையில் கணினி குளிர்ந்திருந்தபோது எடுத்த எண். மத்தியானம் உள்ளே என்ன சூடு என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது.

"அதுவும் இன்னிக்குப் பாத்து பெரிய வேல" என்றாள் ரெஜினா. "ஒரு கோயிலுக்கு துவாரபாலகர். ஆளு ஒசரம். ஒடம்பெல்லாம் முடிஞ்சுது, இன்னிக்கு மூஞ்சி ஓட்றாங்க. ஸ்தபதி, 'நீயே பாத்துக்கோடா ஜெபா'ன்னு வுட்டுட்டாராம். அண்ணன் நாஸ்தாகூட துன்னாம ஓடிச்சு."

இப்போது சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் போதும். ரெஜினா உடனே அண்ணனுக்குப் போன் செய்வாள், விஷயம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் மற்றவையும் வரும். என்னைக் கேட்காமல் ஏன் அனுப்பினாய் என்பாள். பழையபடி மாற்று என்பாள். மாற்றினால் முதலிடம் போய்விடும், ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையும் போய்விடும். இன்னும் இரண்டே நாள். அதுவரைக்கும் புது ஃபேன் இருக்கிறதே, பெரிய ஃபேன். ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானே மாற்றிவிடலாம்.

"நல்லதுதான்" என்றான் பிரவின்.

ரெஜினா காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். பஸ் கொளவாய் ஏரியைத் தாண்டியது. சொல்லாத வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டே பிரவின் மறைமலைநகர் வந்து இறங்கினான்.

அந்தப் பெரிய ஃபேன் பெரிய அளவில்தான் வேலை செய்தது. காற்றோடு கல் தூளையும் முன்னைவிட வேகமாக உள்ளே இழுத்து இழுத்து அடைத்தது. ஜெபசிங் முகத்தைத் தொடங்குமுன் சட்டுவைத் தட்டினான். நாற்பத்தாறு. நெற்றி முடிந்ததும் தட்டினான். நாற்பத்தாறு. கண்ணுக்குப் போகுமுன் நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தட்டினான். நாற்பத்தாறு. ஃபேனை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டு ஓட்டினான்.

இடது கண் பாதியில் இருக்கும்போது திரை அணைந்தது.

கம்ப்யூட்டர் நின்றதும், செதுக்கும் கையை மேலே பிடித்திருந்த மோட்டார் பிடியை விட்டது. சுற்றிக்கொண்டிருந்த வெட்டுமுனை தன் பாரத்தோடு கீழே இறங்கியது. புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும் ஒரு பள்ளம்.

பின்னமான சிலை கோயிலுக்கு ஆகாது. ஒட்டக் கூடாது, பூசக் கூடாது, வேறு எதற்கும் திருப்பவும் கூடாது. அந்தக் கல் அந்த நிமிடமே வெறும் கல்லாகிவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள்.

திருநாவுக்கரசு ஸ்தபதி சிலையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பெட்டியில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"சூடு பாத்தியா?"

"பாத்தேன் சார். நாப்பத்தி ஆறுதான் காட்டிச்சு."

"நாப்பத்தி ஆறா? கையே வைக்க முடியலயேடா!"

"சத்தியமா சார். மூணு தபா பாத்தேன்."

"பாத்துகினு இருந்தாரு" என்றான் விஷால் பின்னாலிருந்து. "போன்ல."

ஜெபசிங்கின் போன் மேல்சட்டையோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ரெஜினா பிரவினுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை குரல் உடைந்தது.

"அண்ணன் பொய் சொல்லாது பிரவின். நாப்பத்தி ஆறுன்னு காட்டிச்சாம். சட்டு தப்பா காட்டுமா?"

கேட்டுவிட்டாள். இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது.

"நான்... பார்த்துட்டுச் சொல்றேன் ரெஜி" என்றான்.

போனை வைத்ததும் அவனுக்கு வந்த முதல் எண்ணம், தப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான். முதலில் சரிசெய்வோம், பிறகு சொல்வோம். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்குக் கை அப்படித்தான் பழகியிருக்கும். உட்கார்ந்து, எழுதி வைத்துக் காட்டும் வேலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முன்போல ஒவ்வொரு தடவையும் சென்சாரைக் கேட்கும்படி மாற்றினான். முதலிடம் போனால் போகட்டும் என்று நினைத்தபோது, தான் ஒரு தியாகம் செய்வதுபோலக்கூட அவனுக்குத் தோன்றியது. இந்தத் தடவையும் பார்த்தவர் பெயர் காலிதான். அனுப்பினான்.

ராத்திரியோடு அது மாமல்லபுரத்துக் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டது.

சனிக்கிழமை காலையில் ஸ்தபதி எல்லாரையும் இயந்திரத்தின் முன்னால் கூப்பிட்டார். பெட்டியை முந்தின சாயங்காலமே தட்டித் துடைத்து மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். நாற்காலியில் விஷால்.

"நாப்பத்தி ஆறுலயே நின்னுச்சுன்னு சொல்றியே, இப்ப பாப்பம்" என்றார் ஸ்தபதி.

விஷால் தட்டினான். ஐம்பத்தொன்று. இயந்திரத்தை ஒரு வேண்டாத கல்லின்மேல் ஓட்டவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினான். ஐம்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் விட்டு, அறுபத்தாறு.

"ஏறுதா இல்லியா?" என்றான் விஷால். "நல்லா பாத்துச் சொல்லுங்க அண்ணாத்த. ஏறுதா?"

ஜெபசிங் குனிந்து திரையைப் பார்த்தான். அறுபத்தாறு, அறுபத்தேழு என்று எண் அவன் கண்ணெதிரில் ஏறியது. நேற்று மூன்று தடவை பார்த்த அதே வரி. அதே இடம். நேற்றுத் தான் பார்த்தது என்ன? பார்த்தோமா? ஃபேன் மேலிருந்த நம்பிக்கையில், பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா?

ஸ்தபதி அவனைத் தனியாகக் கூட்டிப்போனார். கெட்ட மனுஷர் இல்லை. "இதோ பாரு ஜெபா. நீ பாக்காம வுட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. தப்பு பண்ணவன வச்சிப்பேன். பண்ணிட்டு மெஷின்மேல பழி போடறவன என்னால வச்சிக்க முடியாது. அப்புறம் மெஷினையே வித்துட வேண்டியதுதான்."

எல்லார் முன்னாலும் ஜெபசிங் சொன்னான். பார்க்கவில்லை என்று. பார்த்தேன் என்று பொய் சொன்னேன் என்று. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

அதே நேரத்தில் புதுப்பட்டினத்தில் ரெஜினா லேப்டாப்பைத் திறந்திருந்தாள். சட்டுவில் எப்போது யார் எதை மாற்றினார்கள் என்பது அங்கே தானாகப் பதிவாகியிருக்கும். புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. இரண்டிலும் எழுதியவர் பிரவின்குமார். பார்த்தவர் யாருமில்லை. இரண்டையும் படிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

போன் செய்தாள். "கெளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வா. மாமல்லபுரம் போவணும்."

பிரவின் வந்தான். ஈ.சி.ஆர். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தார்கள்.

"பார்த்துட்டியா?" என்றான் அவன்.

"பாத்தேன்."

"நான் எல்லாத்தையும் சொல்லிடறேன் ரெஜி. ஸ்தபதிகிட்டயே சொல்லிடறேன். உங்க அண்ணன்மேல ஒரு தப்பும் இல்லன்னு."

"ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. நேத்து காலைல நா பல்லக் காட்டிகினு நாப்பத்தி நாலு, நாப்பத்தி நாலுன்னு சொன்னனே. அப்போ உனுக்குத் தெரியுமா?"

கண்டக்டர் வந்தார். டிக்கெட் கொடுத்துவிட்டு நகரும்வரை அவகாசம் கிடைத்தது.

"தெரியும்" என்றான்.

ரெஜினா தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரவினின் போன் அதிர்ந்தது. கட்டுரை எழுதுகிறவர். 'புதுப் பதிப்பு மெதுவாக இருக்கிறதே, ஏதாவது பிரச்சினையா?' பிரவின் போனைக் கவிழ்த்து வைத்தான்.

சிற்பக்கூடத்தின் வாசலிலேயே ஜெபசிங் இருந்தான். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லுக்கு மெருகு தேய்த்துக்கொண்டிருந்தான். கை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு.

பிரவின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். புதன்கிழமையிலிருந்து தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல். ஜெபசிங் குழாயை மூடிவிட்டுக் கேட்டான்.

"அப்ப நா பாத்தது நெசம்" என்றான்.

"நெசம்ணா. நீங்க சரியாத்தான் பார்த்தீங்க."

"மூணு தபா."

"மூணு தடவையும் சரிதான்ணா."

ஜெபசிங் மூச்சு விட்டான். ஒரு நிமிடம் அவன் முகம் லேசானது. அதைப் பார்த்து பிரவினுக்கும் ஒரு தைரியம் வந்தது.

"வாங்கண்ணா. ஸ்தபதிகிட்ட இதையே அப்படியே சொல்லிடறேன்."

"வேணாம்."

"அண்ணா..."

"வேணாம் பிரவினு. நீ நேத்து சாய்ங்காலம் சொல்லிருந்தா சரி. கம்ப்யூட்டரும் அப்படியே காட்டிகினு இருந்திருக்கும், நானும் தலை நிமுந்து நின்னிருப்பேன். இப்ப அது நல்லா காட்டுது. நானும் எல்லார் எதுர்லயும் நின்னு, பாக்கல, பொய் சொன்னேன்னு ஒத்துகினேன். இப்ப நீ வந்து வேற கத சொன்னா, தங்கச்சி பிரண்ட இட்டாந்து ஜோடிக்கிறான்னு விஷால் சொல்லுவான். ஸ்தபதி நம்புனாலும் பேஜாருதான். கம்ப்யூட்டரே பொய் சொல்லுதுன்னா மெஷின வித்துடுவாரு. மெஷின் செதுக்குற கல்லு இல்லன்னா இந்த மெருகு வேலகூட இல்ல."

"அண்ணா, நீ பண்ணாத தப்புக்கு..." என்று ரெஜினா தொடங்கினாள்.

"நீ சும்மா இரும்மா. இத வுட்டா மறுபடியும் பாரந்தான் தூக்கணும். என் முதுவு இனிமே தாங்காது."

அவன் குழாயைத் திறந்தான். தண்ணீர் கல்லின்மேல் விழுந்தது. பிரவின் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"யாரு, நம்ம கம்ப்யூட்டர் தம்பியா?" உள்ளேயிருந்து ஸ்தபதியின் குரல். "வாங்க வாங்க. நானே உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னு இருந்தேன்."

உள்ளே போனார்கள். துவாரபாலகர் ஒரு மூலையில் சாக்குத் துணி போர்த்திக் கிடந்தார். இயந்திரத்தின் நாற்காலியில் விஷால் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். ஸ்தபதி பிரவினுக்கு ஒரு ஸ்டூல் இழுத்துப் போட்டார். கல் போனது, நாள் போனது, கோயில்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"மனசுல ஒரு உறுத்தல் தம்பி. பையன் நல்ல பையன். ஒத்துக்கினான்தான், ஆனா ஒத்துக்கும்போது அவன் மூஞ்சி சரியா இல்ல. நீங்க படிச்சவரு, இத செஞ்சவரு. உள்ளதச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் தப்பா காட்டுமா?"

வாசலில் தேய்க்கும் சத்தம் நின்றது.

பிரவின் திரும்பிப் பார்த்தான். ஜெபசிங் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கை நின்றிருந்தது. ரெஜினா தரையைப் பார்த்தாள்.

எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். புதன்கிழமை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். போனில் அவளே கேட்டபோது சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் வேண்டாம் என்று அவனை யாரும் தடுக்கவில்லை.

"காட்டாது சார்" என்றான் பிரவின். "கம்ப்யூட்டர் தப்பா காட்டாது."

ஸ்தபதி பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. எனக்கு அதான் வேணும். மனசு இப்ப தெளிஞ்சுது." வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஜெபா! தம்பிக்கும் பாப்பாவுக்கும் ரெண்டு டீ வாங்கியாடா!"

மெருகுக் கல்லைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. விஷால் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த வேலையைத் தொடங்கத் திரையில் என்னவோ தட்டினான். ஸ்தபதி மறைமலைநகர் வேலையைப் பற்றியும், அப்பா ரிடையர் ஆகிவிட்டாரா என்றும் விசாரித்துக்கொண்டிருந்தார். பிரவின் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஜெபசிங் வந்தான். கையைக் கழுவிக்கொண்டு போயிருந்தான். நகக் கண்ணில் மட்டும் சாம்பல் நிறம் இருந்தது. ஒரு தம்ளரைத் தங்கை பக்கத்தில் வைத்தான். இன்னொன்றை பிரவினிடம் நீட்டினான்.

"குடி பிரவினு. ஆறிடப் போவுது."

அவன் குரலில் கோபம் இல்லை. நிம்மதிகூட இருந்தது. பிரவினால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரெஜினா அவளுடைய டீயைத் தொடவில்லை.

பிரவின் வாங்கிக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். குடிக்காமல் வைத்தால் ஏன் என்று ஸ்தபதி கேட்பார்.